முப்பத்தாறு பாவு

அரிசி எடுத்துக்கொண்டு போகக்கூடாது என்று நான் சொன்னபோது பெரியப்பாவின் முகம் போன போக்கை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்குச் சிரிக்க முடியவில்லை.

போன தை மாதம். நானும் என் கணவரும் மெல்போர்னுக்குக் கிளம்பப் பன்னிரண்டு நாள் இருந்தது. சென்னையில் வாடகை வீட்டைக் காலி செய்து, ஃப்ரிட்ஜையும் கட்டிலையும் தெரிந்தவர்கள் தலையில் கட்டிவிட்டு, நான்கு நாள் தங்கிவரலாம் என்று என் அம்மா வீட்டுக்குப் போனோம். ஆற்காடு வழியாக ஆரணி. அங்கிருந்து போளூர் பஸ்ஸில் ஏறினால் களம்பூர்.

எங்கள் ஊருக்கு ஒரு வேடிக்கை உண்டு. விழுப்புரம் - காட்பாடி ரயில் பாதையில் ‘ஆரணி ரோடு’ என்று ஒரு ஸ்டேஷன் இருக்கிறது. பெயரைப் பார்த்து ஆரணி வந்துவிட்டது என்று பட்டுச்சேலை வாங்க இறங்குகிறவர்கள், வெளியே வந்து பார்த்தால் களம்பூரில் நிற்பார்கள். ஆரணிக்கு இன்னும் பத்து கிலோமீட்டர் போக வேண்டும். சின்ன வயதில் அப்படி முழிப்பவர்களுக்கு பஸ் நிற்கும் இடத்தைக் காட்டுவது எங்களுக்குப் பொழுதுபோக்கு. பெயரை ஆரணி எடுத்துக்கொண்டது, ஸ்டேஷனை நாங்கள் வைத்துக்கொண்டோம் என்பார் பெரியப்பா. ஆனால் அரிசி விஷயத்தில் அப்படி இல்லை. சென்னை அரிசிக் கடைகளில் ‘களம்பூர் பொன்னி’ என்றே போர்டு தொங்கும். ஊருக்குள் நுழையும்போதே நெல் அவிக்கும் வாசனை வந்துவிடும். எங்களுக்கு அதுதான் ஊர் வாசனை.

எங்கள் வீட்டில் நெல் இல்லை, தறிதான். கூடத்தில் பாதியை அடைத்துக்கொண்டு ஒரு குழித்தறி. அப்பாவுக்கு அறுபத்தேழு வயது. பதினான்கு வயதில் குழிக்குள் காலை இறக்கியவர். சொந்தமாகப் பட்டு வாங்கி நெய்கிறவர் இல்லை, கூலி நெசவுதான். ஆரணியில் முதலாளி பாவும் ஊடையும் ஜரிகையும் கொடுப்பார், சேலையாகக் கொண்டுபோய்க் கொடுத்துக் கூலி வாங்க வேண்டும். அம்மா தார் சுற்றுவாள், பாவு பிணைப்பாள், நடுவில் சமைப்பாள். ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்த செய்தி பேப்பரில் வந்தபோது அப்பா அதைப் படித்துவிட்டு, “நல்லதுதான், கூலில ஏதாவது ஏறுமா?” என்று மட்டும் கேட்டார்.

நான் நர்ஸ். விசா என் பெயரில்தான் வந்தது, கணவர் என்னோடு ஒட்டிக்கொண்டு வருகிறவர். (இதை அவரே எல்லோரிடமும் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை இப்படிச் சொல்லலாமா என்று என் ஆயாவுக்குத்தான் வருத்தம்.) விசா கடிதத்தை பிரின்ட் எடுத்துப் போயிருந்தேன். அம்மா அதை வாங்கி சாமி படத்துக்கு முன்னால் வைத்து, நான்கு மூலையிலும் மஞ்சள் குங்குமம் தடவிவிட்டாள். “அம்மா, அது முக்கியமான பேப்பர்” என்றேன். “அதனாலதான் வெக்கிறேன்” என்றாள்.

பத்தாவது படிக்கும் பெரியப்பா பேரன் அதை எடுத்து உரக்கப் படித்தான். பாதி எழுத்துக்கூட்டி, பாதி வேகமாக. ‘பர்மனன்ட்’ என்ற வார்த்தை வந்ததும் அப்பா தறியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

“பர்மனன்ட்டா? பர்மனன்ட் ஆயிடுச்சாம்மா உனக்கு?”

எங்கள் வீட்டில் அந்த வார்த்தைக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. தம்பி ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளியாகச் சேர்ந்து ஏழு வருடம் ஆகிறது. ஒவ்வொரு பொங்கலுக்கும் “இந்த வருஷம் பர்மனன்ட் பண்ணிடுவாங்க” என்று சொல்லிவிட்டுப் போவான். அவனுக்குப் பெண் பார்ப்பது அதனால்தான் தள்ளிக்கொண்டே போகிறது. அப்பா வாழ்நாளில் ஒருநாள்கூட மாதச் சம்பளம் வாங்கியதில்லை. அவருக்குத் தெரிந்த ஆங்கில வார்த்தைகளிலேயே உயர்ந்தது பர்மனன்ட்தான்.

“ஆமாப்பா” என்றேன்.

“தம்பிக்குக் கெடைக்காதது உனக்குக் கெடைச்சிது பாரு” என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டு நாடாவைத் தள்ளினார்.

அவர் வேலையை நினைத்துக் கேட்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. அந்தக் கடிதத்தில் நிரந்தரம் என்று இருந்தது வேலை இல்லை, நாங்கள் அங்கே வசிக்கப்போவது. நான் திருத்தவில்லை. ஏனென்றால் வீட்டில் எல்லோரிடமும் மூன்று வருடம் என்றுதான் சொல்லியிருந்தோம். மூன்று வருடம் வேலை, கொஞ்சம் பணம், பிறகு வந்து ஆரணியிலோ வேலூரிலோ வீடு. இது முழுப்பொய் என்று சொல்ல முடியாது. நானும் கணவரும் ராத்திரி படுத்துக்கொண்டு பேசும்போது எங்களுக்கே அப்படிச் சொல்லிக்கொண்டதுண்டு. ஆனால் நான்கு வருடம் அங்கே வாழ்ந்தால் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம் என்பதையும், இந்தியா இரட்டைக் குடியுரிமை தருவதில்லை, ஒன்றை விட்டால்தான் மற்றொன்று என்பதையும் அதே படுக்கையில்தான் பேசினோம்.

அன்று சாயந்திரம் டீ குடிக்கும்போது அப்பா கணக்குப் போட்டார்.

“மாசத்துக்கு ஒரு பாவு. பாவுக்கு மூணு சேலை. மூணு வருஷம்னா முப்பத்தாறு பாவு. நூத்தியெட்டு சேலை.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “நூத்தியெட்டு. நல்ல கணக்குதான்” என்றார்.

எனக்கு டீ இறங்கவில்லை.

மறுநாள் பெரியப்பா எங்களை மில்லுக்குக் கூட்டிப் போனார். அவர் அங்கே கணக்கு எழுதுகிறவர். சம்பா அறுவடை நெல் லாரி லாரியாக வந்து இறங்கும் நேரம். ஊறவைத்து, ஆவி கட்டி, களத்தில் பரப்பிக் காலால் கோடு கிழித்துக்கொண்டே நடப்பார்களே, அந்தக் காட்சி இப்போது குறைந்துவிட்டது. பெரிய மில்களில் டிரையர் வந்துவிட்டது. இந்த மில்லில் இன்னும் களம் இருக்கிறது. பெயரிலேயே களம் உள்ள ஊரில் அது இல்லாமல் எப்படி என்று கணவர் சொன்ன ஜோக்குக்குப் பெரியப்பா மரியாதைக்காகச் சிரித்தார்.

அங்கே ஒரு இருபத்தைந்து கிலோ சிப்பம் எங்களுக்காகத் தைத்து வைத்திருந்தது. பழைய அரிசி, ஒரு வருடம் வைத்தது. மேலே நீல மையில் என் பெயர்.

“ஏரோப்ளேன்ல ஆளுக்கு முப்பது கிலோன்னு மாப்ள சொன்னாரே. அறுபதுல இருபத்தஞ்சு போனா துணிமணிக்கு முப்பத்தஞ்சு. போதாதா?”

ஆஸ்திரேலியாவுக்கு அரிசியை நம் பெட்டியில் எடுத்துப் போக முடியாது. கப்ரா வண்டு என்று ஒரு பூச்சி. தானியக் கிடங்குகளை அழிப்பதில் அதற்கு இணை இல்லை. சாப்பாடே இல்லாமல் இண்டு இடுக்கில் மாதக்கணக்கில் கிடக்கும், சாதாரண மருந்துக்குச் சாகாது. அது நம் பக்கத்து வண்டு, ஆஸ்திரேலியாவில் இல்லை. அதை உள்ளே விடக்கூடாது என்று 2020-லிருந்து அரிசி, கொண்டைக்கடலை, சீரகம் போன்றவற்றைப் பயணிகள் கொண்டுவரவும் தபாலில் அனுப்பவும் தடை செய்துவிட்டார்கள். ஒரு கிலோவாக இருந்தாலும் தடைதான். வியாபாரிகள் கப்பலில் வரவழைப்பதற்குத் தனி விதி, தனிச் சான்றிதழ்.

இதையெல்லாம் நான் சொல்லி முடிக்கும் வரை பெரியப்பா கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு குனிந்து சிப்பத்தின் தையலை ஒரு மூலையில் பிரித்தார். ஒரு கை அரிசியை அள்ளி என் முன்னால் நீட்டினார்.

“இதுல எங்க கீது வண்டு? நீயே பாத்துச் சொல்லு.”

“இதுல இல்ல பெரியப்பா. சட்டம்...”

“எங்க அரிசில வண்டுன்னு அந்த நாட்டுக்காரன் சொன்னா, நீயும் அதையே சொல்ற.”

கணவர் தலையிட்டு, “மாமா, இதைப் பாதி பெரம்பூர்ல எங்க அண்ணன் வீட்டுக்கு எடுத்துட்டுப் போறோம், கிளம்புற வரைக்கும் இதைத்தான் சாப்பிடப்போறோம்” என்றார். பெரியப்பா அரிசியைச் சிப்பத்துக்குள் போட்டுவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அன்று மத்தியானம் பெரியம்மா எங்களுக்குக் கோழி அடித்திருந்தாள். பெரியப்பா சாப்பிட வரவில்லை, கணக்கு முடிக்க வேண்டுமாம்.

சொந்தங்களைப் பார்த்துச் சொல்லிக்கொள்வது என்பது ஒரு முழு நாள் வேலை. ஒவ்வொரு வீட்டிலும் காபி, ஒவ்வொரு வீட்டிலும் ஊறுகாய் பாட்டில், ஒவ்வொரு வீட்டிலும் “அங்க இப்போ குளிரா?” அங்கே இப்போது வெயில்காலம் என்று சொன்னால் யாரும் நம்பவில்லை. பக்கத்து வீட்டில் படவேட்டு ரேணுகாம்பாள் திருநீறு ஒரு பொட்டலம் கொடுத்தார்கள். கணவர் அதையும் போனில் தேடிப் பார்க்க ஆரம்பித்தார். நான் போனைப் பிடுங்கி வைத்தேன்.

சின்ன அத்தை மட்டும்தான் நேராகக் கேட்டாள். அவளுக்கு எதையும் சுற்றி வளைத்துப் பேச வராது. “அங்க போய் வயசானவங்க வார்டுலதானே உனக்கு வேலை? யாரோ பெத்தவங்களைக் குளிப்பாட்டி சோறு ஊட்டப்போற. இங்க உங்கம்மா முட்டி வீங்கிப்போய் தறிக்கும் அடுப்புக்கும் நடக்குறா. நல்லா இருடியம்மா.” கடைசி வாக்கியத்தை வாழ்த்தாகச் சொன்னாளா, வேறு விதமாகச் சொன்னாளா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. குங்குமம் மட்டும் நெற்றி நிறைய வைத்துவிட்டாள்.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. பெற்றோருக்கு எப்போது விசா வாங்கலாம் என்று மறுபடியும் போனில் பார்த்தேன். முன்பே பார்த்ததுதான். பெற்றோரை நிரந்தரமாக அழைத்துக்கொள்ள இரண்டு வழி இருக்கிறது. கட்டணம் குறைந்த வழியில் முறை வர முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகும் என்று அந்த அரசின் இணையதளமே எழுதிவைத்திருக்கிறது. பணம் கட்டும் வழியில் ஓர் ஆளுக்கு நாற்பதாயிரம் டாலருக்கு மேல், அதற்கும் பத்து ஆண்டுக்கு மேல் வரிசை. அறுபத்தேழோடு முப்பதைக் கூட்டிப் பார்த்தேன். போனை அணைத்துவிட்டேன்.

கணவரும் விழித்துத்தான் இருந்தார். அவருக்குப் பழைய விஷயங்கள் படிப்பதில் ஆசை. பீஜித் தீவுக் கரும்புத் தோட்டங்களுக்கு 1903-லிருந்து 1916 வரை சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பல் கப்பலாக ஆட்களைக் கொண்டுபோனார்கள், அதில் நம் பழைய வட ஆற்காடு மாவட்டத்துக்காரர்கள்தான் நிறையப் பேர் என்றார். ஐந்து வருட ஒப்பந்தம். இன்னும் ஐந்து வருடம் அங்கேயே இருந்தால் திரும்பிவர இலவசக் கப்பல். “ஐந்து வருஷம்னு சொல்லிட்டுத்தான் எல்லாரும் கிளம்பியிருப்பாங்க இல்ல?” என்றார். ரொம்பப் பேர் திரும்பவே இல்லை. அவர்கள் பட்ட பாட்டுக்கும் எங்கள் விமான டிக்கெட்டுக்கும் எந்த ஒப்பீடும் கிடையாது. ஆனாலும் அந்த ஐந்து என்ற எண் ராத்திரி முழுக்க என்னைப் படுத்தியது.

மூன்றாம் நாள் காலையில் பழைய பாவு முடிந்து, புதுப்பாவு பிணைக்க வேண்டியிருந்தது. பாவு பிணைப்பதைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். தறியில் ஒரு பாவு முடியும்போது அதை முழுதாக எடுத்துவிட மாட்டார்கள். அச்சிலும் விழுதிலும் கோத்த இழைகளின் நுனியை அப்படியே விட்டுவைத்து, அந்த நுனி ஒவ்வொன்றோடும் புதுப்பாவின் இழையைச் சேர்த்துச் சாம்பல் தொட்டு விரலால் முறுக்க வேண்டும். முடிச்சு கிடையாது, முறுக்குதான். முடிச்சு போட்டால் அச்சுக்குள் நுழையாது. சில ஆயிரம் இழைகள். அப்படிப் பிணைத்து மெதுவாக இழுத்தால் பழைய இழையின் தடம் பிடித்துக்கொண்டு புது இழை உள்ளே வந்துவிடும். ஒன்று மாறிப்போனாலும் சேலை முழுக்கக் கோடு விழும்.

படிக்கிற காலத்தில் லீவு நாளெல்லாம் எனக்கு இதுதான் வேலை. பத்து வருடமாகத் தொடவில்லை. அம்மா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் உட்கார்ந்தோம். முதல் அரை மணி நேரம் என் விரல் சொன்னபடி கேட்கவில்லை. பிறகு தானாகவே ஓடியது. ஊசி போடும் விரல் பழைய வேலையை மறக்கவில்லை என்று எனக்குக் கொஞ்சம் பெருமைகூட. பாவு நல்ல அரக்கு நிறம். கணவரும் ஆர்வமாக வந்து உட்கார்ந்து, நாலு இழையை மாற்றிப் பிணைத்துவிட்டு, அம்மா ஒன்றும் சொல்லாமல் அவற்றைப் பிரிப்பதைப் பார்த்து எழுந்துபோனார்.

மத்தியானம் அம்மா சோறு வடிக்க எழுந்தபோது அப்பா அவள் இடத்தில் உட்கார்ந்தார். கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டு முறுக்கத் தொடங்கினார். நான் இழையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னேன்.

“அப்பா, அந்தப் பேப்பர்ல பர்மனன்ட்னு போட்டிருக்கிறது வேலை இல்ல.”

“தெரியும்.”

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் நிமிரவில்லை.

“வேலை பர்மனன்ட்னா ஆஸ்பத்திரி பேரு போட்டிருக்கும். இது கவர்மென்ட் கொடுத்ததுன்னு பையன் படிச்சான். அந்த நாட்டு கவர்மென்ட் எதுக்கு உனக்கு பர்மனன்ட் குடுக்கணும்? யோசிச்சா தெரியாதா?”

“அப்போ முப்பத்தாறு பாவுன்னு...”

“உங்கம்மா கேட்டுக்கினு இருந்தா. நீ மூணு வருஷம்னு சொல்லிட்ட. நான் அதுக்கு ஒரு கணக்கு சொன்னேன்.” ஓர் இழையை முறுக்கி முடித்துவிட்டு, “இழையைப் பாரு, விட்டுட்டியே ஒண்ணு” என்றார்.

விட்டுத்தான் இருந்தேன். எடுத்துப் பிணைத்தேன். சாம்பல் கையால் கண்ணைத் துடைக்கவும் முடியவில்லை.

பார்க்க வாருங்கள், மூன்று மாதம் தங்கலாம், அதற்கு விசா எளிதாகக் கிடைக்கும் என்றேன். “பாவு நடுவுல விட்டுட்டு எப்படி வர்றது?” என்றார். இரண்டு பாவுக்கு நடுவில் வாருங்கள் என்றேன். “அது சரி” என்றார். அதை வருகிறேன் என்று எடுத்துக்கொள்வதா, பேச்சை முடிக்கிறார் என்று எடுத்துக்கொள்வதா? இருபத்தெட்டு வருடமாக அவர் மகளாக இருந்தும் எனக்குத் தெரியவில்லை.

அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று கேட்டேன். “அவகிட்ட எதுக்குச் சொல்றது, சொல்லாத” என்றார். சொல்லவில்லை.

கிளம்பும் நாள் காலையில் கல்யாணப் பட்டைப் பீரோவிலிருந்து எடுத்துப் பெட்டியில் வைத்தேன். அப்பா நெய்தது. வாழ்நாளில் தனக்கென்று அவர் பணம் கொடுத்து முதலாளியிடம் திரும்ப வாங்கிய ஒரே சேலை. எழுநூறு கிராமுக்கு மேல் வரும், ஜரிகை கனம். கணவர் தூக்குத் தராசில் பெட்டியை மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா வந்து சேலையைப் பெட்டியிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“இது இங்கயே இருக்கட்டும்.”

“ஏம்மா? அங்க ஏதாவது விசேஷம்னா கட்டிக்குவேன்ல?”

“மூணு மாசத்துக்கு ஒரு தடவை மடிப்பு மாத்தணும். இல்லேன்னா மடிப்புலயே ஜரிகை விட்டுப்போகும். நீ வேலைக்குப் போவியா, அதைப் பாப்பியா? நான் மாத்தி வெக்கிறேன். வந்து எடுத்துக்கோ.”

எனக்கு மடிப்பு மாற்றத் தெரியும் என்று அவளுக்குத் தெரியும். அவள்தான் சொல்லிக்கொடுத்தாள்.

“எப்ப வந்தாலும் எடுத்துக்கலாம்” என்றாள் மறுபடியும். எப்ப வந்தாலும் என்றாள், மூணு வருஷம் கழிச்சு என்று சொல்லவில்லை. அப்பாவைப் பார்த்தேன். அவர் தார்க்குச்சிகளை எண்ணிக்கொண்டிருந்தார். சேலையை அம்மாவிடமே விட்டுவிட்டு, அந்த இடத்தில் சின்ன அத்தை கொடுத்த இரண்டு பாட்டில் ஊறுகாயை வைத்தோம்.

பெரியப்பா பஸ்ஸுக்கு வந்திருந்தார். கையில் துணிப்பை, உள்ளே அரிசி. “இது பெரம்பூருக்கு” என்றார், முகத்தைப் பார்க்காமல்.

மெல்போர்ன் வந்து இரண்டரை மாதம் ஆகிவிட்டது. இங்கே இந்தியக் கடைகளில் பொன்னி அரிசி கிடைக்கிறது, கப்பலில் முறைப்படி வந்தது. எந்த ஊர் மில் என்று பையில் இல்லை. கணவர் பையின் எல்லாப் பக்கமும் திருப்பித் திருப்பிப் படித்தார். பெரியப்பாவுக்கு போனில் படம் அனுப்பினோம். பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, “இது புது அரிசி, குழையும், தண்ணி கம்மியா வை” என்று குரல் பதிவு அனுப்பினார். அவர் சொன்னபடியே தண்ணீரைக் குறைத்து வைத்தேன். சரியாக வந்தது.

வார்டில் எனக்கு இரவுப் பணி அதிகம். காலை வீட்டுக்கு வந்து, அங்கே விடியும்வரை காத்திருந்து அம்மாவைக் கூப்பிடுவேன். போன ஞாயிற்றுக்கிழமை அப்பாவே போனை வாங்கினார்.

“இரண்டாவது பாவு நேத்தோட முடிஞ்சிது. இன்னும் முப்பத்தினாலு.”

அம்மா பக்கத்தில் இருக்கிறாளா என்று கேட்டேன்.

“இங்கதான் கீறா. முந்தாநாள் உன் சேலையை மடிப்பு மாத்தினா. எதுக்குடி அதுக்குள்ள, இன்னும் மூணு மாசம் ஆகலியேன்னு கேட்டா, அவ என் கணக்கை நம்புறதில்லையாம்.”

பின்னால் அம்மா சிரிப்பது கேட்டது.